‘சும்மா ஒரு நடை’: முதுமை நட்பும் அதன் சாக்குகளும்

புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடிய கிழவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர் ஊன்றி நிற்கும் பூண் போட்ட கைத்தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீரை நோக்கிச் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வாய்பிளக்க மடுவுக்குள் குதித்து, அடியாழத்திலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய காலத்தை அவர் நினைத்துப் பார்க்கிறார். அன்று ஒளிவுமறைவு தெரியாத கூட்டாளிகள் உடனிருந்தார்கள். இன்று தடியும் இருமலும், இருமலுக்கு நடுவே நாலு சொல்லும்தான் மிச்சம். சாகசம் இளமையோடு முடிந்துபோகிற விஷயம் என்ற எண்ணத்துக்குத் தமிழில் இதைவிட அழகான சாட்சியை நான் படித்ததில்லை.

ஆனால் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுக்குக் கேள்வி எழும். அந்தக் கூட்டாளிகளில் இரண்டு பேராவது உயிரோடு, நடந்து போகிற தூரத்தில் இருந்திருந்தால், கிழவர் அன்று சாயங்காலம் என்ன செய்திருப்பார்? பாட்டுப் பாடியிருப்பாரா என்பதே சந்தேகம். மூன்று பேருமாக மடுப்பக்கம் போய், குதித்துக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்த்து, “இதெல்லாம் ஒரு குதியா” என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். வரும் வழியில் கள் கிடைத்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார்கள். முதியவர்களின் நட்பைப் பற்றிய ஆய்வுகளில் இந்தச் சாயங்காலம்தான் விடுபட்டுப் போகிறது. நட்பு ஆயுளை எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் நண்பர்கள் ஒன்றுசேர்ந்து என்னதான் செய்கிறார்கள், எந்தச் சாக்கைச் சொல்லிச் சேர்கிறார்கள் என்பதற்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை.

இது சில்லறை விஷயமல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2021-க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடாகும் என்கிறது நடுவண் அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இவர்களைப் பற்றிய பேச்சு மூன்று வட்டங்களுக்குள்தான் சுற்றுகிறது: மருந்து, ஓய்வூதியம், பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்களா இல்லையா. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வரையறுத்தது. நண்பனுக்குச் சட்டத்தில் இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆனால் திட்டமிடுகிறவர்களின் கணக்கிலும் அவன் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 70 வயது கடந்த 1,477 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. லின் ஜைல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகளோடும் உறவினரோடும் உள்ள தொடர்பு, ஒருவர் அடுத்த பத்து ஆண்டுகள் உயிரோடிருப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நண்பர்களோடுள்ள தொடர்பு உண்டாக்கியது. உடல்நலம், வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். வலுவான சமூகத் தொடர்பு உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று அதில் தெரியவந்தது.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. முட்டி வலி இல்லாதவன்தான் வெளியே போகிறான், வெளியே போகிறவனுக்குத்தான் கூட்டாளி கிடைக்கிறான். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதல்ல. மகன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் நம்மூர்ப் பெரியவரின் நிலைமையும், தனி வீட்டில் இருக்கும் அடிலெய்டுக்காரரின் நிலைமையும் ஒன்றல்ல. படுக்கையில் விழுந்தால் தூக்கிவிடப் போவது மகளோ மருமகளோதான். டீக்கடைக் கூட்டாளி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவே. ஆகவே உறவா நட்பா என்று தராசில் வைப்பது வீண்வேலை. நண்பன் தருவது என்ன வகையான சரக்கு என்று பார்ப்பதுதான் பயன்.

வீட்டில் முதியவர் கவனிக்கப்படுகிறவர். “மாத்திரை போட்டாச்சா?”, “வெயில்ல போகாதீங்க”, “தரை ஈரமா இருக்கு, பாத்து.” எல்லாம் அன்பினால் சொல்வதுதான். ஆனால் நாள் முழுக்க அன்பைப் பெற்றுக்கொண்டே இருப்பது ஒருவித வேலையின்மை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த உடனே அவர் வேறு ஆள். நேற்று இரண்டு டீக்குக் காசு தராமல் எழுந்து போனவர், 1977 தேர்தலைப் பற்றித் தப்பும் தவறுமாகப் பேசுகிறவர், பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்குத் தராதவர். அங்கே அவருக்குக் கடன் இருக்கிறது, பகை இருக்கிறது, கட்சி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் “என்னவே, இன்னும் போய்ச் சேரலையா?” என்று கேட்டபடி பெஞ்சில் இடம்விடுவார்கள், மதுரைப் பக்கம் எழுபத்தைந்து வயதுக்காரரை எண்பது வயதுக்காரர் “மாப்ள” என்பார். அப்பா அம்மா போய், அண்ணன்மார் போய், மனிதரை ‘டா’ போட்டுக் கூப்பிட ஊரில் மிஞ்சியிருப்பது இவர்கள்தான். சாவைப் பற்றி மகன் முன்னால் பேசினால் வீடே கலங்கும். இங்கே அது “டிக்கெட் எப்ப?” என்ற நக்கலோடு தீர்ந்துபோகும்.

திருக்குறள் நட்புக்கு ஓர் அதிகாரம் தந்ததோடு நிற்காமல், பழைமை என்று தனியாக 81-ஆம் அதிகாரத்தையும் வைத்திருக்கிறது. நெடுநாள் பழகியவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமைதான் அதன் பேசுபொருள். வள்ளுவர் அங்கே பழைய நண்பனுடைய நல்ல குணங்களைப் பட்டியல் போடவில்லை. அவன் எல்லை மீறுவதைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றியே பேசுகிறார். பெஞ்சுக் கூட்டாளியின் இலக்கணமும் அதுதான். அடுத்தவரின் பொடிடப்பியைக் கேட்காமல் எடுப்பது, வீட்டுக்குள் நுழைந்து “தங்கச்சி, ஒரு வாய் காபி” என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்பது, மகனுக்குப் பார்த்த சம்பந்தத்தில் தலையிடுவது. கண்ணியமான நண்பர்கள் முதுமையில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பது என் துணிபு.

இந்த உரிமை எப்படி உண்டாகிறது? மணிக்கணக்கில்தான். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் ஓரளவு நட்பாக 50 மணி நேரமும், நட்பு என்று சொல்லத்தக்கதாக 90 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் தேவை என்று மதிப்பிட்டார். அவர் ஆராய்ந்தது புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், கிழவர்களை அல்ல. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தால் ஏழு மாதத்துக்குள் 200 மணி நேரம் வந்துவிடும். முப்பது வருடம் ஒரே அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களின் நட்பு, ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் கல்யாணப் பத்திரிகை அனுப்பும் அளவுக்குச் சுருங்குவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். வேலை அவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்து, தினமும் சந்திப்பதற்கான சாக்கையும் கொடுத்துக்கொண்டிருந்தது. சம்பளத்துக்குப் பதில் ஓய்வூதியம் வந்தது. சாக்குக்குப் பதில் எதுவும் வரவில்லை.

ஆண்கள் விஷயத்தில் சாக்கு கட்டாயம் வேண்டும். “உன்னைப் பார்க்கணும்போல இருந்தது” என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் வீட்டுக்குப் போகும் துணிவு நம் ஆண்களுக்கு அறுபதிலும் வருவதில்லை, எண்பதிலும் வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் 1990-களில் ‘ஆடவர் பட்டறை’ என்ற ஓர் இயக்கம் பரவத் தொடங்கியது இதை உணர்ந்துதான். ஒரு கொட்டகை, கொஞ்சம் மரம், ரம்பம், உளி, ஒரு தேநீர்க் கெண்டி. ஓய்வு பெற்ற ஆண்கள் வந்து உடைந்த நாற்காலியைச் சரிசெய்வார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பொம்மை செய்து கொடுப்பார்கள். முகத்துக்கு முகம் பேசாத ஆண்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசிவிடுகிறார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. வெளிநாடுகளுக்கும் இயக்கம் பரவியிருக்கிறது. நாற்காலி ஒரு சாக்கு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லாதவரைதான் பட்டறை நடக்கும்.

இத்தாலியின் போலோஞா நகரத்துக் கிழவர்களுக்கு உளியும் ரம்பமும்கூடத் தேவையில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாலை தோண்டுவதையும் கட்டடம் எழும்புவதையும் பார்த்துக்கொண்டு, பொறியாளருக்குக் கேட்கும்படி தவறு கண்டுபிடிப்பது அவர்கள் அலுவல். அவர்களுக்கு ‘உமரெல்’ என்று அங்கே ஒரு செல்லப்பெயர். நகரத்தில் ஒரு சிறு சதுக்கத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நம்மூரில் பாதாளச் சாக்கடைக்கு ஜேசிபி பள்ளம் தோண்டும் இடத்தில் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், உமரெல்கள் வேட்டியில் நிற்பார்கள். சதுக்கம்தான் இல்லை.

இங்கிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் சாகசம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு, பதினாறு கண் மதகில் உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த நாளில், பவானியிலும் எடப்பாடியிலும் சேலத்திலும் எத்தனை பெரியவர்கள் பஸ் ஏறுகிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அணையை ஐம்பது தடவை பார்த்தவர்கள். 1934-இல் கட்டி முடித்த அணையில் அவர்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது? தண்ணீர் இருக்கிறது, தண்ணீரைச் சாக்காக வைத்து அணைப் பூங்காப் பக்கம் பொரித்த மீன் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் இதைவிடப் பெரிதா சிறிதா என்று அடித்துக்கொள்ள ஒரு முழுப் பஸ் பயணம் இருக்கிறது. வீட்டில் சொன்னால் “இந்த வயசுல எதுக்கு?” என்ற கேள்வி வரும் என்பதால் பாங்குக்குப் போவதாகச் சொல்லியிருப்பார்கள். மூன்று வீட்டிலும் பாங்க் என்றே சொல்லியிருப்பார்கள். அதை முந்தின நாளே பேசி வைத்திருப்பார்கள். சர்க்கரை நோயாளி அல்வா தின்றதை மற்ற இரண்டு பேரும் சாகும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பொய், ரகசியம், திட்டம், கூட்டுச் சதி: பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குள் இருக்கும் அதே சாமான்கள். இதைக் கண்டுபிடித்துப் பிழைத்த ஒரு தொலைக்காட்சித் தொடர் உண்டு. பிபிசியில் 1973 முதல் 2010 வரை ஓடிய ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’, யார்க்‌ஷரின் ஹோம்ஃபர்த் என்ற மலையடிவாரச் சிற்றூரில் எடுக்கப்பட்டது. மூன்று வயதான ஆண்களை வைத்து நகைச்சுவை எழுதச் சொன்னபோது ராய் கிளார்க்குக்கு முதலில் அதில் ஈடுபாடு வரவில்லை. மனைவியை இழந்தவர்கள், மணமாகாதவர்கள், வேலை இல்லாதவர்கள் என்று மூவரையும் ஆக்கிவிட்டால் அவர்கள் சிறுவர்களைப்போல் திரியலாமே என்று தோன்றிய பிறகுதான் பேனாவை எடுத்தார். பிறகு 295 பகுதிகளையும் அவரே எழுதினார். பெரும்பாலான பகுதிகளில் நடப்பது இவ்வளவுதான்: யாரோ ஒருவர் ஏதோ ஒரு வண்டியைச் செய்வார், அது சரிவில் உருளும், ஆள் குட்டையில் விழுவார். ஆங்கிலேயர்கள் 37 வருடம் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். கேலிச்சித்திரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பொறுப்பு கழன்ற ஆணுக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கிளார்க் பல சமூகவியலாளர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

கூடி உட்கார்ந்தால் மட்டும் போதுமா, ஏதாவது செய்யவும் வேண்டுமா என்ற கேள்விக்கு ஓர் ஆய்வு பதில் சொல்ல முயன்றிருக்கிறது. டெக்சாஸில் டெனிஸ் பார்க் தலைமையில் 60 முதல் 90 வயதுவரையுள்ள 221 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். ஒரு குழு டிஜிட்டல் புகைப்படக் கலை கற்றது, இன்னொன்று துணி ஒட்டுத் தையல் கற்றது. வேறொரு குழு கூடிப் பேசியது, விளையாடியது, ஊர் சுற்றியது. புதிதாக எதையும் கற்கவில்லை. 2014-இல் வந்த முடிவு: புதிய திறனைக் கற்றவர்களுக்கு, குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு, நினைவாற்றல் மேம்பட்டது. வெறும் கூட்டத்தில் அந்த அளவுக்கு இல்லை. நட்பைப் போற்றும் கட்டுரையாளர்கள் இந்த ஆய்வைச் சௌகரியமாக மறந்துவிடுவது வழக்கம். நான் மறக்க விரும்பவில்லை, ஏனென்றால் பெஞ்சுக்கும் மேட்டூருக்கும் உள்ள வித்தியாசம் இதில் கொஞ்சம் தெரிகிறது. தினமும் அதே பெஞ்சில் அதே வாதத்தை நடத்துவது மனதுக்கு ஆறுதல். மூளைக்கு வேலை வேண்டுமென்றால் எப்போதாவது தெரியாத பஸ்ஸில் ஏறித் தெரியாத ஊரில் கழிப்பறை தேட வேண்டும். ஆய்வாளர்கள் இப்படிச் சொல்லவில்லை, சொல்வது நான்.

இதுவரை எழுதியதில் பெண்களே வரவில்லை. டீக்கடை பெஞ்சில் அவர்கள் இல்லாததுபோலவே. கல்யாணம் என்ற ஒரே நாளில் பள்ளித் தோழி, ஆற்றங்கரைத் தோழி, பக்கத்து வீட்டுத் தோழி எல்லோரையும் விட்டுவிட்டு வேற்றூருக்குப் போனவர்கள் அவர்கள். நம் பக்கத்தில் சொந்தத்திலும் பக்கத்து ஊர்களிலும் பெண் கொடுப்பது அந்தப் பிரிவை ஓரளவு மட்டுப்படுத்தியது, ஒழிக்கவில்லை. ஓய்வு பெறும் வயது என்று ஒன்று அடுக்களைக்குக் கிடையாது. மகள் பிரசவம், பேரன் பள்ளி வேன், மருமகளின் அலுவலக நேரம் என்று அறுபதுக்குப் பிறகு வேலை கூடுவதே அதிகம். காலை ஐந்தரைக்கு ஒரு மணி நேரம் பேப்பர் படித்துக்கொண்டு உட்காரும் உரிமை எந்தப் பாட்டிக்கு இருக்கிறது? ஆகவே பெண்களின் நட்பு முழுக்க முழுக்கச் சாக்கின் மேலேயே நிற்கிறது: ரேஷன் கடை வரிசை, அரசு மருத்துவமனையில் மாதாந்திர மாத்திரை வாங்கும் நாள், துக்கம் கேட்கப் போவது, ஆடி வெள்ளி.

இவற்றில் பக்திதான் தலைசிறந்த சாக்கு. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்தி, இருமுடி கட்டி, வேன் பிடித்துப் போகும் பெண்கள் கூட்டத்தைப் பாருங்கள். பக்தி உண்மையானதுதான், சந்தேகமில்லை. அதோடு, இரண்டு நாள் யாருக்கும் சமைக்காமல், பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, அந்தாட்சரி பாடிக்கொண்டு போகும் பயணமும் அதற்குள் இருக்கிறது. “எங்கே போகிறாய்?” என்று கேட்கும் கணவர் “எதற்கு?” என்று கேட்க முடியாத ஒரே பயணம். வங்காளத்துக் கிராமமொன்றில் தங்கி முதுமையை ஆராய்ந்த சாரா லாம்ப், 2000-இல் வெளியான தம் நூலில், வயதான பெண்கள் இளம்பெண்களைவிட மிகத் தாராளமாக வெளியே நடமாடுவதையும் யாத்திரை போவதையும் விரிவாக எழுதியிருக்கிறார். முதுமை ஆணிடமிருந்து அதிகாரத்தைப் பறிக்கிறது. பெண்ணுக்கோ, சில வீடுகளிலாவது, வாசற்படியைத் தாண்டும் அனுமதியைக் கொடுக்கிறது.

2006-இல் தொடங்கிய 100 நாள் வேலை இன்னொரு சாக்கு. ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் வெற்றிலையை மாற்றிக்கொண்டு பாட்டிமார்கள் உட்கார்ந்திருப்பதைக் காட்டி, “வேலையே செய்யாமல் காசு வாங்குகிறார்கள்” என்று நகரத்தில் பேசுவார்கள். வேலையின் தரம் பற்றிய வாதம் இருக்கட்டும். தன் வயதொத்த பெண்களோடு, வீட்டுக்கு வெளியே, சொந்தக் காசு சம்பாதித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருப்பது பலருக்கு அதுவே முதல் தடவை. 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியதும் இதே வகையில்தான் பெரிய காரியம். மிச்சமாகும் பணத்தைவிட, அந்தப் பணத்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். காசு கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஏழை முதியவர்களுக்கு ‘ஓய்வு’ என்பதே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையின் குடிசைப் பகுதிகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் பென்னி வேரா-சான்சோ, எழுபது வயதிலும் நடைபாதையில் காய் விற்கிற, வீட்டு வேலை செய்கிற முதியவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அவர்களுக்குக் கூட்டாளி பக்கத்துக் கூடைக்காரிதான். சந்தைப் பக்கம் போய்வரும்வரை கடையைப் பார்த்துக்கொள்கிறவள், போலீஸ்காரர் வந்தால் குரல் கொடுக்கிறவள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதிய நூலில், வீடும் வேலையிடமும் அல்லாத மூன்றாவது இடங்களைப் பற்றிப் பேசினார்: காபிக் கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம். அங்கே ஏற்றத்தாழ்வு மறைந்து எல்லோரும் சமமாகிறார்கள் என்றார். நம்மூர்க்காரர் யாரும் இதைச் சிரிக்காமல் படிக்க முடியாது. இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகள் பழங்கதை அல்ல. ஊர்ச் சாவடியில் யார் உட்காரலாம், அரசமரத்து மேடையில் யார் உட்காரலாம், கோயில் மண்டபத்தில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறிய கல்லுக்கு எதிரே யார் உட்காரலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டங்கள். எழுபது வருடம் ஒரே ஊரில் வாழ்ந்த இரண்டு பேர், எதிரெதிர்த் தெருவில், ஒருநாளும் ஒரே பெஞ்சில் உட்காராமல் செத்துப் போயிருக்கிறார்கள். முதுமை நட்பின் இனிமையைப் பற்றி எழுதும்போது அந்தப் பெஞ்சுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை விட்டுவிட்டால் அது பாதி உண்மைதான். நகரத்து நடைப்பயிற்சிப் பூங்காக்கள் இந்த விஷயத்தில் சற்றுத் தேவலை. காலையில் ஆறு சுற்று நடக்கிறவரிடம் முதலில் கேட்பது சர்க்கரை அளவைத்தான்.

பெஞ்சுக்கு இன்னொரு வேலை உண்டு. அதை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை, அதுவாகச் செய்கிறது. தினமும் ஐந்தரைக்கு வருகிறவர் ஆறரைவரை வரவில்லையென்றால் டீ மாஸ்டரே கேட்பார். ஏழு மணிக்கு ஒருவர் எழுந்து “சும்மா ஒரு நடை போய்ட்டு வரேன்” என்று அந்தத் தெருப்பக்கம் போவார். ஜப்பானில் இந்த நடை இல்லாமல் போனதன் விளைவைத் தேசியக் காவல் முகமையின் கணக்கு காட்டுகிறது: 2024-இல் தனியாக வீட்டில் இறந்து கிடந்தவர்கள் 76,000-க்கும் மேல், அவர்களில் முக்கால் பங்கினர் 65 வயது கடந்தவர்கள். அந்நாட்டையே உலுக்கிய முதல் சம்பவங்களில் ஒன்று, தோக்கியோவை ஒட்டிய மட்சுதோ நகரத்தின் தொக்கிவாதைரா அடுக்ககத்தில் நடந்தது. 69 வயதுக்காரர் ஒருவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து 2000-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டார். வாடகையும் மின்கட்டணமும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே போய்க்கொண்டிருந்தன. கணக்கில் பணம் தீர்ந்த பிறகுதான் ஆள் வந்தது.

அந்த மனிதர் வாடகையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கட்ட வேண்டியிருந்தால் ஒரே மாதத்தில் தெரிந்திருக்கும். நாமும் அந்தத் திசையில்தான் போகிறோம். மின்கட்டணம் கைபேசியில், மளிகை வாசலில், மருந்து வாசலில், ஓய்வூதியம் நேரே கணக்கில். நடுவண் அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று தர வேண்டும். 2014-இல் கைரேகை வைத்து இணையத்தில் தரும் முறை வந்தது. வயதான விரல்களில் ரேகை தேய்ந்திருப்பதால் பலருக்குப் பதியவில்லை. 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். இப்போது பேரன் கைபேசியைப் பிடித்தால் கட்டிலில் உட்கார்ந்தபடியே வேலை முடிந்துவிடும். நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடக்க முடிந்தவர்களுக்கு நவம்பர் ஒரு திருவிழாவாக இருந்தது. நாலு பேர் சேர்ந்து போய், டோக்கன் வாங்கி, பழைய மேலதிகாரி இன்னும் உயிரோடிருக்கிறாரா என்று வரிசையில் எட்டிப் பார்த்து, வரும்போது ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வசதி என்ற பெயரில் நாம் எடுத்துவிட்டது அலைச்சலை மட்டுமல்ல.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் என்ற திட்டம் 2016-இல் வந்தது. அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுவரையுள்ளவர்களை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமில்லாமல் அழைத்துச் செல்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. எதிர்த் திசையில் போனது ரயில்வே: ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 விழுக்காடு, பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 விழுக்காடு என்றிருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, நிறுத்தியது. பெருந்தொற்று போன பிறகும் சலுகை திரும்பவில்லை. ‘நாலு பேர் சேர்ந்து குற்றாலம் போகலாமா’ என்ற பேச்சு எத்தனை பெஞ்சுகளில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் அடங்கியது என்பதற்கு யாரும் கணக்கு வைக்கப் போவதில்லை.

மையங்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பத்து மணிக்கு யோகா, பதினொன்றுக்கு ஆலோசனை, ஒரு மணிக்குச் சாப்பாடு என்று அட்டவணை போட்டால் அது முதியவர்களுக்கான பள்ளிக்கூடம். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்து வளர்ந்த தலைமுறை. அங்கே ஒரு தச்சுப் பெஞ்சும், பழுதான மின்விசிறிகளும், தைக்கத் துணியும், இரண்டு சீட்டுக்கட்டும், பெண்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறையும் வைத்துவிட்டு, பொறுப்பாளர் மத்தியானம் காணாமல் போய்விட்டால் நல்லது. மாதத்துக்கு ஒருநாள், எங்கே போவது என்பதை அவர்களே அடித்துக்கொண்டு தீர்மானிக்கும் ஒரு வேனும் வேண்டும். மற்றபடி தேவைப்படுபவை எந்தத் துறைத் தலைப்பிலும் அடங்காத சில்லறைகள்: பேருந்து நிறுத்தத்தில் படுக்க முடியாதபடி கம்பி வளைத்துச் செய்யாத, முதுகு சாயக்கூடிய ஒரு பெஞ்சு, ஐந்து நிமிட நடையில் பூட்டாத கழிப்பறை, அதிலும் பெண்களுக்கு, முதல் படி தரைக்கு அருகில் இருக்கும் பஸ். மாநகர டோக்கன் வெளியூர்ப் பேருந்தில் செல்லாது என்பதையும் யாராவது கவனித்தால் தேவலை. மேட்டூர் நிரம்பும் வருடத்தில் சென்னைக் கிழவர்களுக்கும் பாங்குக்குப் போகிற வேலை இருக்கும்.